அமீனா ஒட்டிய கல்யாணப் பத்திரிகை

என் அக்கா புருஷன் கோர்ட்டில் அமீனா. யார் மீதாவது வழக்கு விழுந்தால், அந்த நோட்டீஸைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டி உரியவர் கையில் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. பெரும்பாலும் காகிதத்தோடு முடிந்துவிடும். எப்போதாவது, தீர்ப்பான வீட்டுக்குப் போய்ச் சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, பூட்டி, சாவியை வாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "அமீனா வர்றாரு" என்பதே அவர் பெயராகிவிட்டது.

எனக்கு இரும்புச் சாமான் கடை. பூட்டு, தாழ்ப்பாள், கீல், வாசலில் நிற்பது யாரென்று பார்க்கக் கதவில் துளை போட்டுப் பதிக்கிற கண்ணாடி, இதெல்லாம் விற்கிறேன். அத்தான் எந்தத் தெருவில் அதிகம் நடக்கிறாரோ அந்தத் தெருக்காரர்கள் மறுவாரம் என் கடையில் நிற்பார்கள். "அவர் செருப்பு தேயுது, உன் கல்லாப் பெட்டி நிறையுது" என்று அக்கா குத்திக் காட்டுவாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

ஆளைப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இருக்காது. குள்ளம், கொஞ்சம் தொப்பை, சட்டைப் பையில் இரண்டு பேனா, நடக்கும்போது வாய்க்குள் ஒரு பாட்டு. தெரு நாய்களெல்லாம் அவருக்குச் சிநேகம். அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. நாய் குரைத்தால் வேறு யாரோ வருகிறார்கள், குரைக்காமல் வாலாட்டினால் வருவது அமீனா என்று தெரு முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிறது. நாய் பேசாமல் இருந்தால் ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

நம் ஜனங்கள் சட்டத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நோட்டீஸைக் கையால் தொடாத வரைக்கும் வழக்கே இல்லை என்பதுதான் அது. படித்தவன், படிக்காதவன் வித்தியாசம் கிடையாது. கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். ஒரு அம்மாள் அடுப்படி இடுக்கியால் பிடித்து வாங்கியிருக்கிறாள். ஒருவர் "அங்க வச்சுட்டுப் போங்க, நான் பாக்கவே இல்லை" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாராம். மற்றபடி வீட்டு ஆண்கள் எல்லாரும் குளித்துக்கொண்டிருப்பார்கள். காலையில் போனாலும் குளியல், மத்தியானம் போனாலும் குளியல்.

"இந்த ஊர் ஆம்பளைங்க மாதிரி சுத்தமான ஆளுங்களை நான் எங்கயும் பார்த்ததில்லை மச்சான்" என்பார் அத்தான். "நான் போறப்பெல்லாம் குளிச்சுக்கிட்டே இருக்காங்க."

சட்டம் மட்டும் லேசுப்பட்டதா? நீ வேண்டாமென்று மறுத்தால் வாங்கியதாகவே கருதப்படும் என்று எழுதி வைத்திருக்கிறது. நீ இல்லாவிட்டால் உன்னோடு வசிக்கிற வயது வந்தவர் யார் வாங்கினாலும் செல்லும். யாருமே இல்லாவிட்டால் இரண்டு சாட்சி வைத்துக்கொண்டு கதவில் ஒட்டிவிட்டு வரலாம், அதுவும் செல்லும். அதனால் அத்தான் பையில் பசைக் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும். எனக்கு இதில் ஒரு விஷயம் புரிவதே இல்லை. கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நம்புகிற ஜனங்களும், கண்ணை மூடினாலும் உன்னை விடமாட்டேன் என்கிற சட்டமும் ஒரே ஊரில் இத்தனை காலம் எப்படிக் குப்பை கொட்டுகின்றன?

வேலைப் பேச்சு வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். "மேற்படி சட்டையை எங்க வச்சே?" என்று அக்காவைக் கேட்பார். உப்பு குறைந்தால் "ஆட்சேபணை இருக்கு" என்பார். யாரையும் தகப்பனார் பெயரோடு சேர்த்துத்தான் அவருக்குத் தெரியும். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவரைப் பார்த்து "இவரு யாரு மகன்?" என்று கேட்டு, பதில் தெரியும் வரை செய்தியை நம்பமாட்டார். மனுஷன் சிரித்துக்கொண்டேதான் இருப்பார். சாப்பிட்டு முடித்து நாற்காலியில் காலை நீட்டிவிட்டால் அவருக்கு இந்த உலகத்தில் ஒரு குறையும் கிடையாது.

குறையெல்லாம் அவர் மகளுக்குத்தான். சின்ன வயதில் அவள் பிறந்தநாளுக்கு அக்கா கேக் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றும் வராது. அமீனா வீட்டுக்குப் போனால் அமீனா நம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பெற்றவர்களுக்குப் பயம். கடைசியில் நானும் என் பெண்டாட்டியும்தான் கேக்கைத் தின்றுவிட்டு வருவோம். அந்தப் பெண் வளர்ந்து, பல் ஆஸ்பத்திரியில் நர்சாகி, ரொட்டிக்கடைக்காரர் மகனை விரும்பி, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு கல்யாணம் நிச்சயமானது.

ரொட்டிக்கடைக் குடும்பத்தை இந்த ஊரில் பிடிக்காதவர் கிடையாது. விடிந்ததும் மாப்பிள்ளைப் பையன் சைக்கிளில் சூடான ரொட்டியோடு வீடு வீடாகப் போவான். மணிச் சத்தம் கேட்டதும் கதவு திறக்கும், குழந்தைகள் ஓடிவரும். அதே கதவுகள்தான். அத்தானுக்கு மூடிக்கொள்வதும் அவைதான்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா வெள்ளை மனசோடுதான் கேட்டாள். "எங்க பக்கம் ஊரே வரும் சம்பந்தி. உங்க பக்கம் எத்தனை பேருன்னு சொன்னீங்கன்னா சமையலுக்குச் சொல்லிடுவேன்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பம், அத்தான் குடும்பம் இரண்டுக்குமே சொந்தம் குறைவு. எல்லாரையும் கூட்டினாலும் ஒரு வேனில் அடங்கிவிடுவோம்.

அன்று சாயங்காலம் மகள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நகை நட்டெல்லாம் எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. அந்த மண்டபத்துல நம்ம பக்கத்து நாற்காலி மட்டும் காலியா கிடக்கக் கூடாது. அது போதும்."

அத்தான் அவள் தலையைத் தடவினார். "அவ்வளவுதானே? எல்லாரையும் ஆஜர்படுத்திடறேன்."

பத்திரிகைக்கு வாசகம் எழுதும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். எழுதி முடித்து எங்களைக் கூட்டி வைத்து வாசித்தார். மேற்படி மணமகனுக்கும் மேற்படி மணமகளுக்கும் இன்ன தேதி காலை பத்து மணிக்கு நகர மண்டபத்தில் திருமணம் நடைபெற இருப்பதால், தாங்கள் நேரிலோ தக்க பிரதிநிதி மூலமோ ஆஜராக வேண்டியது. தவறினால் தாங்கள் இல்லாமலேயே மேற்படி திருமணம் நடத்தி முடிக்கப்படும் என்று இருந்தது.

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "இது கல்யாணமாப்பா, ஜப்தியா?"

"எல்லா விவரமும் இருக்கேம்மா. என்ன தப்பு?"

"எல்லாமே தப்பு" என்று காகிதத்தைப் பிடுங்கி அவளே வேறு எழுதினாள். நல்ல வார்த்தைகளாகப் போட்டு, பூப்படம் வைத்து அச்சடித்து வந்தது. உறை மட்டும் பழுப்பு நிறம். மலிவாகக் கிடைத்ததென்று அத்தான் வாங்கிவந்தார். கோர்ட்டு நோட்டீஸ் உறையும் அதே பழுப்புதான் என்பது எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை.

விடுமுறை நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். துணைக்கு நான். முதலில் கணக்கு வாத்தியார் வீடு. அவரே கதவைத் திறந்தார். அத்தானைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரைப் பார்க்கணும்?"

"உங்களைத்தான் சார்."

"நான் அவரில்லை. அவரு தம்பி. அண்ணன் ஊர்ல இல்லை."

என் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன், என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு தன்னையே தன் தம்பி என்கிறார். அத்தான் அசரவில்லை. பழக்கதோஷம். "தம்பியா? பரவாயில்லை. கூட வசிக்கிற வயசு வந்த ஆள் வாங்கினா செல்லும். இந்தாங்க."

வாத்தியார் இரண்டடி பின்னால் போனார். "நான் கூட வசிக்கலை. சும்மா பார்க்க வந்தேன். நாளைக்குப் போயிடுவேன்." கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டும் என் கடையில் வாங்கியவை.

மருந்துக்கடைக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் மின்விசிறி, ரேடியோ, பேச்சு எல்லாம் நின்று போயின. அத்தான் தட்டினார். "வீட்ல யாரும் இல்லை" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"யாரும் இல்லைன்னா அப்ப சொல்றது யாரும்மா?"

கொஞ்ச நேரம் யோசனை. "நானும் இல்லை."

"கல்யாணப் பத்திரிகைதாம்மா. என் பொண்ணு கல்யாணம்."

உள்ளே குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. ஒரு ஆண்குரல் மெதுவாகச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "இப்படித்தான் எதையாவது சொல்லிக் கையில குடுத்துடுவாங்க. திறக்காதே."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருத் தெருவாக நடந்தோம். அத்தான் ஒவ்வொரு கதவு முன்னாலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு புன்னகையைத் தயாராக வைத்துக்கொள்வார். கதவு திறக்காது. அடுத்த வீட்டுக்கு அந்தப் புன்னகை கொஞ்சம் குறைந்து போகும். நோட்டீஸ் கொடுக்கப் போகும்போது கதவு சாத்தினால் அவர் சிரித்துக்கொண்டே வருவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஊர் மீது கோபம் கோபமாக வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனாலும் ஒரு மனுஷன் வாழ்நாளில் ஒருதடவை நல்ல சேதியோடு வந்து நிற்கும்போதாவது திறக்கக் கூடாதா?

ஒரு வீட்டு வாசலில் தட்டித் தட்டி ஓய்ந்து நின்றார். கை தன்னால் பைக்குள் போய்ப் பசைக் குப்பியை எடுத்தது. எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது போல. வெட்கப்பட்டு என்னைப் பார்த்தார்.

"ஒட்டுங்க அத்தான்" என்றேன். "எல்லாக் கதவுலயும் ஒட்டுங்க. உள்ள இருந்துக்கிட்டே இல்லைங்கிறவனுக்கு வேற என்ன மரியாதை?"

ஒட்டினார். உறை நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். பிறகு அனிச்சையாகச் சாட்சிக்கு ஆள் தேடினார். ஒரு சாட்சி நான். இரண்டாவது சாட்சிக்கு எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடத் திரும்பினார். அவரும் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவிலும் ஒன்று ஒட்டினோம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் அழுதுவிட்டாள். "கல்யாணப் பத்திரிகையை யாராவது கதவுல ஒட்டிட்டு வருவாங்களாப்பா? இனிமே வர்றவங்களும் வரமாட்டாங்க."

அத்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல நின்றார். "எனக்குக் கதவுக்கு வெளியே நின்னுதாம்மா பழக்கம்" என்றார். "உள்ளே போய் உட்கார்ந்து கூப்பிடத் தெரியலை." மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். 

மறுவாரம் வாய்தா வக்கீல் என் கடைக்கு வந்தார். எந்த வழக்கையும் நாள் தள்ளித் தள்ளி வாங்குவதில் கெட்டிக்காரர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு பூட்டை எடுத்து வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அத்தான் என்ன காரியம் பண்ணிட்டாருய்யா! காலையிலேருந்து என் ஆபீஸ்ல உட்கார இடமில்லை. ஆளுக்கொரு பழுப்பு உறை. ஒருத்தர்கூடப் பிரிச்சுப் பார்க்கலை. ஒருத்தர் கையுறை போட்டுக்கிட்டு எடுத்துட்டு வந்திருக்காரு. பிரிச்சுப் படிச்சு, யோவ் இது கல்யாணப் பத்திரிகைன்னு சொன்னா நம்பலை. அமீனா கதவுல ஒட்டியிருக்காரே, அதுல ஏதாவது உள்குத்து இருக்குமான்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சட்டப்படி இதுல ஒண்ணும் இல்லைன்னேன். அப்ப போகலேன்னா என்ன ஆகும்னு கேட்டாங்க. என்ன ஆகும், நீங்க இல்லாமயே முடிச்சுடுவாங்கன்னேன். அது உண்மைதானே? அதுக்கே பாதிப் பேருக்கு வயித்துல புளியைக் கரைச்சுடுச்சு."

"வருவாங்களா சார்?"

வக்கீல் சிரிப்பை நிறுத்தினார். "அதை மட்டும் என்னால சொல்ல முடியாது. வாய்தா கேட்டாலும் கேப்பாங்க" என்று பூட்டை எடுத்துக்கொண்டு போனார். இதை நான் அக்கா வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களா அழுவார்களா என்று தெரியவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு நான்தான் முதலில் போனேன். இடதுபக்கம் மாப்பிள்ளை வீட்டார், வலதுபக்கம் நாங்கள் என்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்பதரைக்கெல்லாம் இடதுபக்கம் நிறைந்து வழிந்தது. ரொட்டிக்கடைக்காரர்கள் சிரித்தால் கூட்டமாகச் சிரிக்கிறவர்கள். வலதுபக்கம் முன் வரிசையில் எங்கள் குடும்பம், அதற்குப் பின்னால் வெறும் நாற்காலிகள். ஆட்கள் வந்துவிடுவார்கள் என்ற மாதிரி அக்கா அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் திரும்பவே இல்லை. முன்னால், கல்யாணத்தைப் பதிந்து நடத்திவைக்கப் போகிற பதிவாளரின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

புகை பிடிக்கிற சாக்கில் வெளியே வந்தேன். வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் ஊரே நின்றுகொண்டிருந்தது. கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், "நானும் இல்லை" என்ற அம்மாள், அவள் புருஷன். எல்லாரும் நல்ல உடுப்பு. கையில் பரிசுப் பொட்டலம். பல பேர் கக்கத்தில் அடையாள அட்டையும் வீட்டுப் பத்திரமும் வைத்த பை. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தார்களாம். ஒருவர் வாய்தா வக்கீலையே கூட்டி வந்திருந்தார். சத்தம் போட்டுப் பேசுவாரில்லை.

"ஏன் எல்லாரும் வெளியவே நிக்கிறீங்க?" என்றேன்.

கணக்கு வாத்தியார் தணிந்த குரலில் சொன்னார். "இன்னும் கூப்பிடலையே?"

கோர்ட்டில் அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை வெளியே நிற்க வேண்டும். கூப்பிடாமல் உள்ளே போனால் தப்பு. அமீனா வீட்டு அழைப்பு என்றதும் ஜனங்கள் அதே முறையைக் கடைப்பிடித்து ஒன்பது மணியிலிருந்து மரத்தடியிலேயே நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஓடிப்போய் அத்தான் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

அத்தான் வாசலுக்கு வந்தார். மரத்தடிக் கூட்டம் நிமிர்ந்து நின்றது.  அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கோர்ட்டு வராந்தாவில் கேட்கிற அதே கணீர்க் குரலில் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவரையும் இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார் என்று தகப்பன் பெயரோடு கூப்பிட்டார். காகிதம் ஒன்றும் கையில் இல்லை. கூப்பிட்டவர் "வந்தேன்" என்று கையைத் தூக்கிவிட்டு வருவார். வாசலில் அத்தான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி உள்ளே அனுப்புவார்.

கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "தம்பி வந்துட்டீங்க, சந்தோஷம்" என்றார் அத்தான். "அண்ணன் வரலையா?" மரத்தடியே சிரித்தது. முதலில் சிரித்தது வாத்தியார்தான். அந்தச் சிரிப்போடு கூட்டத்துக்கு மூச்சு வந்தது. அதுவரை பத்திரப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்கள் அதைக் கையில் தொங்கவிட்டார்கள்.

மருந்துக்கடைக்காரர் அன்று சாப்பிடும்போது என்னிடம் ஒன்று சொன்னார். அவர் தகப்பனார் பெயரை இத்தனை பேர் கேட்க ஒருவர் உரக்கச் சொல்லி வருஷக்கணக்காகிவிட்டதாம். கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது என்றார். சட்டத்தில் அது வெறும் அடையாளம். ஆளுக்கு ஆள் குழம்பிவிடக் கூடாதென்று தகப்பன் பெயரைச் சேர்க்கிறார்கள். ஒரு மனுஷனுக்கு அது எங்கே போய்த் தொடுகிறது பாருங்கள்.

வலதுபக்க நாற்காலிகள் நிறைந்தன. பற்றாமல் பின்னால் பலகை போட்டார்கள். மகள் ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. எனக்கு அவ்வளவு எழுத்து வராது. எங்கள் பக்கத்து ஆட்கள் கைபேசியை அணைத்துவிட்டார்கள், பதிவாளர் உள்ளே வந்ததும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா அசந்து போய்விட்டாள். "உங்க பக்கத்து ஜனங்க எவ்வளவு மரியாதையானவங்க!" என்று அக்காவிடம் சொன்னாளாம்.

கையெழுத்து, மோதிரம், கைதட்டல் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. சாப்பாட்டுப் பந்திக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டு அத்தானும் நானும் மாப்பிள்ளையின் அம்மாவும் வாசலில் நின்றோம். அப்போதுதான் மரத்தடியில் இன்னும் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தோம். நடுத்தர வயது. பக்கத்தில் நன்றாக வளர்ந்த ஒரு பையனும் பெண்ணும். அத்தான் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு அத்தான்?"

"ஒரு வீட்டுலேருந்து இவங்களை நான்தான் காலி பண்ணி வெளியேத்தினேன் மச்சான்" என்றார். "ரொம்ப வருஷமாச்சு. நோட்டீஸ் குடுத்த வீட்டுக்கெல்லாம் பத்திரிகை வச்சேன். இந்த மாதிரி வீட்டு ஜனங்களைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை." அந்தப் பெண்ணின் பெயர் அவருக்குத் தகப்பன் பெயரோடு தெரியும். கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

அவளே நடந்து வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகத்தோடு, "வாங்க, நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

"உறவெல்லாம் இல்லைங்க. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை" என்றாள் அந்தப் பெண். "எங்களை வீட்டைவிட்டு வெளியேத்தினாரே, அவரு பொண்ணு கல்யாணம்னு கேள்விப்பட்டேன். வந்தேன்."

மாப்பிள்ளையின் அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். இத்தனையும் கூடிவந்து கடைசியில் சம்பந்தி முன்னால் அவமானம். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். "அன்னைக்கு அடுப்புல உருளைக்கிழங்கு வெந்துக்கிட்டு இருந்துச்சுங்க. இதுங்க ரெண்டும் சின்னது. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. வீட்டுச் சொந்தக்காரரு அடுப்பை அணை, அடுப்பை அணைன்னு குதிக்கிறாரு. இவரு, வேகட்டும்னு சொன்னாரு. ஆர்டர்ல உருளைக்கிழங்கைப் பத்தி ஒண்ணும் இல்லையேன்னு அவரு சண்டைக்கு வந்தாரு. ஆமா, வேக வேணாம்னும் அதுல இல்லையேன்னாரு இவரு. வெந்துச்சு. சாமானெல்லாம் வெளியே போயிடுச்சு. வெறும் வீட்டுல தரையில உட்கார்ந்து பிள்ளைங்க சாப்பிட்டுச்சு. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இவரு வாசலை மறிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம்தான் பூட்டினாரு."

 "வீடு போனது போனதுதான்" என்றாள் அவள். "அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பிள்ளைங்க பசியோட தெருவுக்கு வரலை."

மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மேசையில் மூன்று பேரையும் உட்கார வைத்து அவளே பரிமாறினாள். அத்தான் பின்னாலேயே வந்து மேசை ஓரத்தில் நின்றார். அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இத்தனை வருஷம் அவர் தொண்டையிலேயே கிடந்திருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்கிற ஆணையில் எல்லா விவரமும் இருக்கும். அந்த வீட்டு ஜனங்கள் அதற்குப் பிறகு எங்கே போவார்கள் என்பது மட்டும் இருக்காது.

"இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

"பழைய தபாலாபீஸுக்குப் பின்னாடி. சின்ன வீடுதான், ஆனா சொந்தம். இவன் வேலைக்குப் போறான்."

"அந்தத் தெருவுல நான் அடிக்கடி வருவேனேம்மா!"

"தெரியும். ஜன்னல்லேருந்து பார்ப்பேன்."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?"

அவள் சிரித்தாள். "உங்களை வீட்டுக்குள்ள கூப்பிட்டா, எனக்கு மறுபடியும் கேஸ் வந்துடுச்சுன்னு தெரு முழுக்கப் பேசிடாதா?"

அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்து வேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தங்கை தட்டில் இன்னும் பாதி இருந்தது.

மேடையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, வாங்க! குடும்பத்தோட போட்டோ எடுக்கணும். எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

அத்தான் மேசையை விட்டு நகரவில்லை. "இரும்மா" என்றார். "இவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."